அவசர நேரத்தில் அப்பாவின் மருத்துவ விவரங்கள் உடனே கைக்குக் கிடைக்க என்ன செய்யலாம்?

குடியாத்தத்து மகன்:
வணக்கம். பெற்றோர் குடியாத்தத்தில் தனியாக இருக்கிறார்கள். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். இதய வால்வு மாற்றியதிலிருந்து அப்பா ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரையும் உண்டு. சென்ற மாதம் அவர் குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டுக்கொண்டபோது பக்கத்து வீட்டார் 108-ஐ அழைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று மருத்துவர் கேட்டதற்கு, "ராத்திரி போடுகிற சின்ன மாத்திரை" என்பதற்கு மேல் அம்மாவால் சொல்ல முடியவில்லை. கோப்பு பீரோவுக்குள் இருந்தது. என் கைப்பேசியில் தேடி அனுப்பிய சீட்டோ பழைய அளவைக் காட்டியது. அப்பா நலமாகத் திரும்பிவிட்டார்; ஆனால் அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை. எதை எழுதி, எங்கே வைப்பது?

காட்பாடி செவிலியர்:
தம்பி, உங்கள் தவிப்பு புரிகிறது. வங்காளத்திலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் முழுக் கோப்பையும் பையில் சுமந்து வருகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் நாமோ, எல்லாம் அங்கே கணினியில் இருக்கிறது என்று வெறுங்கையோடு கிளம்பிவிடுகிறோம். ஆம்புலன்ஸ் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனால் அந்தக் கணினி அங்கே திறக்காது.

ஒரே ஒரு தாள் போதும். முதல் வரியில், பெரிய எழுத்தில், "செயற்கை வால்வு, அசிட்ரோம் (அசினோகூமரால்)" என்று எழுதி, மில்லிகிராம் அளவையும், சாப்பிடும் நேரத்தையும், கடைசி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) அளவையும் அதன் தேதியையும் சேருங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் உள்ளே ரத்தம் கசியலாம் என்பதால் ஸ்கேன் எடுப்பதையும், மருந்தின் வேலையைத் தணிப்பதையும் மருத்துவர் உடனே யோசிக்க வேண்டியிருக்கும். அடுத்து, ஒவ்வாத மருந்துகள். பிறகு சர்க்கரை மாத்திரைகளின் பெயரும் அளவும். கிளிமிபிரைடு போன்றவற்றால் இறங்கிய சர்க்கரை, குளுக்கோஸ் ஏற்றிய பின்பும் மறுபடி இறங்கக்கூடும். ரத்த வகையைக் கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். ரத்தம் ஏற்றுமுன் எப்படியும் பரிசோதிப்பார்கள்.

ராணிப்பேட்டை வாசகர்:
கைப்பேசியின் பூட்டுத் திரையிலேயே அவசர மருத்துவ விவரம் தெரியும்படி அமைக்கலாம். ரகசிய எண் இல்லாமலே பிறர் அதைப் பார்க்க முடியும். மருத்துவ ஆவணங்களை இணைத்து வைக்க அரசு தரும் 14 இலக்க ஆபா (ABHA) எண்ணும் நல்லதுதான், ஆனால் அதில் இணைத்த ஆவணங்களைப் பகிர நோயாளியின் ஒப்புதல் வேண்டும்; மயங்கிக் கிடப்பவர் எப்படிக் கொடுப்பார்? ஆகவே தாள்தான் முதலில்.

குடியாத்தத்து மகன்:
இருவருக்கும் நன்றி. தாளை எழுதி, ஒன்றை வாசற்கதவின் உட்புறத்தில் ஒட்டினேன். இன்னொன்று அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. ஐ.என்.ஆர். பார்த்து அளவு மாறும் அன்றே பழைய இரண்டையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது என்று அம்மாவிடம் பேசி முடிவு செய்திருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தாள் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டேன்.