இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோர் விவகாரத்தைப் பற்றிப் பிரிட்டோரியாவை, அதாவது தென்னாப்பிரிக்க அரசை, பேசவைப்பது எப்படி?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): இலங்கையுடன் நடக்கும் பேச்சுகளில் நம் அரசு இதை எழுப்பவேண்டும். எங்கள் சங்கத்திலிருந்து வெளியுறவு அமைச்சருக்கு மனு எழுதினால் போதுமா?

பதில் 1: தனி மனு கோப்புக்குள் போய்விடும், தம்பி. எம்.பி. ஒருவரிடம் எழுத்துமூலக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். 10 வேலைநாளில் அமைச்சர் பதில் தரவேண்டும், அதுவும் பதிவாகிவிடும். "மனித உரிமை பற்றி என்ன நிலைப்பாடு?" என்று கேட்டால் வழவழவென்றுதான் பதில் வரும். 2014 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் இலங்கைத் தீர்மானத்தில் நாம் வாக்களிக்காமல் ஒதுங்கினோம். அதற்குக் காரணம் என்ன, இன்றும் அதுதான் நிலையா என்று கேளுங்கள்.

பதில் 2: தகவல் பெறும் சட்டத்தையும் (PAIA) பயன்படுத்தலாம், துறை பதில் தர 30 நாள் கெடு. ஆனால் 41ஆம் பிரிவைக் காட்டி, வெளியுறவு பாதிக்கும் என்று மறுப்பார்கள். பேச்சுக் குறிப்பு முழுவதையும் கேட்பதால்தான் இப்படி ஆகிறது. சந்திப்புத் தேதி, நிகழ்ச்சிநிரல் மட்டும் கேளுங்கள். மறுத்தால் 60 நாளுக்குள் துறைக்குள்ளேயே மேல்முறையீடு.

பதில் 3: ஐ.நா.வின் உலகளாவிய காலமுறை மீளாய்வை (ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் மற்ற நாடுகள் அலசும் முறை) விட்டுவிடாதீர்கள், ஐயா. மன்றத்தில் உறுப்பினராக இல்லாத நாடும் அதில் பரிந்துரை தரலாம். ஒரே வாக்கியம், ஒரே செயல், அளக்கக்கூடியதாக எழுதி, இலங்கையின் மீளாய்வு அமர்வுக்குச் சில மாதம் முன்பே நம் வெளியுறவுத் துறைக்குக் கொடுங்கள்.