2011 தார் ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறேன்: என்ஜினைப் பார்த்தால் போதுமா?

செல்வா_மடிப்பாக்கம்:
வணக்கம். 2011 மாடல் மஹிந்திரா தார், டீசல், ஃபோர் வீல் டிரைவ். திருவான்மியூரில் நிற்கிறது. விற்பவர் இரண்டாவது ஓனர். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இழுக்கிறது. ஜவ்வாது மலை, கொல்லிமலைப் பக்கம் அடிக்கடி போகிற ஆள் நான். என்ஜினை மட்டும் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார் எங்கள் மெக்கானிக். அது போதுமா?

கண்ணன்_டீசல்:
போதும். பழைய டீசல் வண்டியில் காசைத் தின்பது இன்ஜெக்டர், பம்ப், டர்போ மூன்றும்தான். காலையில் போய் முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல்) ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்கள். லேசான ஆவி பரவாயில்லை, குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. இதெல்லாம் சரியென்றால் வாங்கலாம்.

சண்முகம்_ஜீப்:
கண்ணன் சார், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்ஜின் போனால் செலவு, அவ்வளவுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கிற ஊரில் எதையும் தேடிப் பிடித்து மாட்டிவிடலாம். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை அப்படி மாற்ற முடியாது. ஆர்.சி.யில் இருக்கிற சேசிஸ் நம்பர் அதில்தான் அடித்திருக்கிறது.

செல்வா தம்பி, வண்டி நிற்பது திருவான்மியூர் என்கிறீர்கள். கடல் காற்று உப்போடு வருகிற இடம். லிஃப்டில் ஏற்றி, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் சேசிஸில் மாட்டுகிற பிராக்கெட்டைப் பாருங்கள். சேறு தங்குவதும் துரு தொடங்குவதும் அங்கேதான். பாடி உட்கார்ந்திருக்கிற மவுண்டுகள், கால் மிதிக்கு அடியில் இருக்கிற தகடு, முன் கண்ணாடி ஃபிரேமின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று சொல்லும், அரித்த இடம் மந்தமாக 'தொப்' என்னும். அடியில் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் அதை அழகு என்று நினைக்காதீர்கள், எதை மறைத்தார்கள் என்று கேளுங்கள்.

கண்ணன்_டீசல்:
சென்னையில் துரு இல்லாத பழைய ஜீப் எங்கே இருக்கிறது? இதைப் பார்த்தால் யாரும் எதையும் வாங்க முடியாது. பேட்ச் வைத்து வெல்டு அடித்து வருடக்கணக்கில் ஓடுகிற வண்டிகள் உண்டு.

சண்முகம்_ஜீப்:
மேலோட்டமான துருவை நானும் பொருட்படுத்துவதில்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து பிரைமர் அடித்தால் போகும். தளத் தகட்டில் பேட்ச் இருந்தாலும் சரி என்பேன். ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்தில், சேசிஸ் ரெயிலிலேயே (நீளவாட்டுச் சட்டத்திலேயே) பேட்ச் இருந்தால் வேண்டாம். மொத்த எடையும் வாங்குகிற இடம் அது. பாறையில் ஏறி இறங்கும்போது வெல்டு விட்டால் பின் ஆக்சில் நகர்ந்துவிடும்.

அருண்_ஓஎம்ஆர்:
கடல் காற்றுதான் பிரச்சினை என்றால் டெல்லி வண்டி பாருங்கள். 10 வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே கெடுபிடி, அதனால் விலை குறைவு.

நித்யா_அண்ணாநகர்:
அருண், விலை மட்டும் பார்த்து இதைச் சொல்லாதீர்கள். அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், இங்கே ஆயுள் வரி மறுபடி கட்டி ரீ-ரெஜிஸ்டர் பண்ண வேண்டும். இதெல்லாம் கூட்டினால் மிச்சம் எங்கே?

செல்வா, உங்கள் வண்டியிலும் பேப்பர் வேலை இருக்கிறது. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருடம்தான். 2011 வண்டி என்றால் 2026-ல் முடிகிறது. அப்புறம் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. "புதுப்பித்துக் கொடுங்கள், பிறகு பணம்" என்று பேசிப் பாருங்கள்.

வண்டி என்ன கலர்? ஆர்.சி.யில் உள்ள கலர்தானா? ராணுவப் பச்சை அடித்த ஜீப்புகளை நிறையப் பார்க்கிறோம். ஆலிவ் கிரீன் ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான் என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. சாஃப்ட் டாப்பை ஹார்டு டாப்பாக மாற்றியிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். லோன் பாக்கி, நிலுவை சலான் இரண்டையும் மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

செல்வா_மடிப்பாக்கம்:
கலர் சிவப்பு, ஆர்.சி.யிலும் அதேதான். டாப் கம்பெனி கொடுத்ததுதான். ஃபோர் வீல் லிவரையும் போட்டுப் பார்த்தேன், டேஷ்போர்டில் லைட் எரிந்தது.

கண்ணன்_டீசல்:
லைட் எரிந்தால் வேலை செய்கிறது. அதில் வேறென்ன பார்க்க?

சண்முகம்_ஜீப்:
லிவர் நகர்ந்தது என்று லைட் சொல்லும், முன் சக்கரம் இழுக்கிறது என்று சொல்லாது. ஆனால் காய்ந்த தார் ரோட்டில் சோதிக்காதீர்கள். இந்த வண்டியில் ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கிற சாதாரண வேக நிலை) போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தை மணல் விட்டுக்கொடுக்கும், தார் ரோடு கொடுக்காது, கியர்கள்தான் முறுக்கு வாங்கும். இளகிய மண் உள்ள மைதானத்தில் ஃபோர் ஹை போட்டு மெதுவாக வட்டமடியுங்கள். ஸ்டியரிங் இறுகினால் முன்பக்கம் சேர்ந்திருக்கிறது. டூ ஹைக்கு (பின் சக்கரம் மட்டும் இழுக்கிற நிலை) திரும்பியதும் அந்த இறுக்கம் விட வேண்டும், விடாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தருகிற பெட்டி) வேலை இருக்கிறது. வண்டியை நிறுத்தி ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கிற நிலை) போடுங்கள், முதல் கியரில் ஆக்சிலேட்டர் மிதிக்காமலே ஊர்ந்து போக வேண்டும். நாலு டயரும் ஒரே சைஸா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று முக்கியம். 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் வந்தபோதும் இந்த ஊரில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று தெரியும். ஜீப் வைத்திருக்கிறவர்கள் தைரியமாகத் தண்ணீரில் இறக்கவும் செய்வார்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், பிரீதர் (ஆக்சிலின் காற்றுப் போக்கி) அடைத்திருக்கும்போது சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். முன், பின் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற கியர் பெட்டி) இரண்டிலும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டு ஆயிலைத் தொடுங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, நாடாவின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்ணன்_டீசல்:
வட்டமடிக்கிற சோதனை நல்ல யோசனை, அதை ஏற்கிறேன். ஆனாலும் செல்வா, முதலில் என்ஜினைத்தான் பாருங்கள். கோல்டு ஸ்டார்ட் (ஆறிய என்ஜினை முதல் தடவை கிளப்புவது) காலையில் ஒரு முறைதான் கிடைக்கும். லிஃப்டுக்கும் மைதானத்துக்கும் ஓட்டிப்போன பிறகு கிடைக்காது.

சண்முகம்_ஜீப்:
அந்த வரிசை சரி. ஆனால் காலையில் என்ஜின் பிடித்துப்போய் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். லிஃப்டில் ஏற்ற விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வண்டி தேடலாம்.

செல்வா_மடிப்பாக்கம்:
சனிக்கிழமை காலை போகிறேன். பள்ளிக்கரணையில் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட் சொல்லிவிட்டேன். ஸ்பிரிங் பிராக்கெட் படங்களை இங்கே போடுகிறேன் அண்ணே, பார்த்துச் சொல்லுங்கள்.