புதுப்பிப்பு: ஓசூர் ஆலையில் மாத இதழை யாரும் படிப்பதில்லை என்று கேட்டிருந்தேன்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கார்ப்பரேட் கம்யூனிகேஷன் பிரிவில் (கம்பெனிச் செய்திகளை ஊழியர்களுக்கும் வெளியாருக்கும் கொண்டு சேர்க்கும் பிரிவு) என் ஓராண்டுப் பயிற்சி முடிந்தது. ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் கம்பெனி இதழை உற்பத்திப் பிரிவில் யாரும் திறப்பதில்லை, எப்படிப் படிக்க வைப்பது என்பதுதான் என் கேள்வி.

கைகொடுத்தது, "கேன்டீனில் கை கழுவும் இடத்தில் ஒட்டுங்கள்" என்ற யோசனை. ஒரே பக்கம், பெரிய எழுத்து, தமிழோடு தெலுங்கு, கன்னடம், இந்தி. வரிசையில் நிற்கும்போதே படித்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப் குழு எடுபடவில்லை. வேலை நேரத்தில் போனுக்கு அனுமதி இல்லை.

எதிர்பாராதது: எல்லோரும் முதலில் தேடியது கம்பெனி பஸ் நேரத்தை. சரி என்று அதையே மேலே போட்டோம். அப்புறம், வேப்பனப்பள்ளியிலிருந்து வரும் ஃபிட்டர் அண்ணன் ஒருவர், யாரும் கேட்காமலே பேனாவோடு உட்கார்ந்து தெலுங்கு வரிகளைப் பேச்சு வழக்குக்கு மாற்றித் தந்தார். எனக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.