தோப்புக்குள் கை ஜிபிஎஸ் 8 மீட்டர் தள்ளிக் காட்டுகிறது

பொள்ளாச்சித் தோப்பு:
எங்கள் தென்னந்தோப்பில் பாசனக் குழாயைத் திறந்து மூடும் ஆறு கேட் வால்வுகள் மண்ணுக்குள் இருக்கின்றன. போன பங்குனியில் எல்லாவற்றையும் கை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்தேன். அப்போது திரையில் பிழை 3 மீட்டர் என்றுதான் காட்டியது. நேற்று ஒன்றைத் தேடி மூன்று குழி தோண்டினோம். கடைசியில் 8 மீட்டர் கிழக்கே கிடைத்தது. “மரத்தை எண்ணி எழுதி வெச்சிருக்கலாம்ல” என்கிறார் அப்பா. கருவி கெட்டுவிட்டதா?

மேட்டாங்காடு:
பொதுமக்களுக்கு வரும் சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கெடுத்து விடுவதாகப் படித்த ஞாபகம்.

பழைய சர்வேயர்:
அது 2000 மே மாதத்தோடு நின்றுவிட்டதுங்க.

தோப்புத் தம்பிக்கு: கருவி கெடவில்லை. அந்த 3 மீட்டர், கருவி தானே போடும் மதிப்பீடு. ஈர மட்டையிலும் தண்டிலும் பட்டுத் தெறித்து, சுற்று வழியில் வந்த சிக்னல் எது என்று அதற்குச் சரியாகத் தெரியாது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு புளியமரத்தடிக் கல்லை மூன்று நாள், தினமும் காலை 7 மணிக்கே அளந்தேன். மூன்றும் ஒட்டி வந்தன. நம்பிக் குறித்துவிட்டேன். மூன்றுமே ஒரே பக்கம் தப்பு! ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் மறுநாள் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வந்துவிடும். அதே வானம், அதே மரம், அதே தெறிப்பு. அதனால் ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விட்டு, நான்கு முதல் எட்டு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். வேபாயின்ட் ஆவரேஜிங் வசதி இருந்தால் கருவியே செய்துவிடும். ஜிபிஎஸ் போலவே ரஷ்யா நடத்தும் க்ளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரொம்ப நாள் அணைத்து வைத்திருந்தால், முதலில் களத்துமேட்டில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். செயற்கைக்கோள் அனுப்பும் முழுத் தகவலும் இறங்க 12½ நிமிடம் ஆகும். நம் பக்கம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பிற்பகலில் அயனி மண்டலம் (வானில் வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு) சிக்னலைக் கூடுதலாகத் தாமதப்படுத்தும். விடிகாலைதான் நல்லது.

பொள்ளாச்சித் தோப்பு:
நன்றிங்க ஐயா. இதை வைத்தே வேலி எல்லையும் பார்த்துக்கொள்ளலாமா?

பழைய சர்வேயர்:
வேண்டவே வேண்டாம். அரை மீட்டருக்கே சண்டை வரும். புலப்படத்தோடு (நிலத்தின் சர்வே வரைபடம்) தாலுகா சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

வால்வுக்குக்கூட, மட்டை மறைக்காத வெட்டவெளியில் ஒரு கல் நட்டு அதை மட்டும் ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். அங்கிருந்து டேப் பிடித்து, எந்த வரிசை, எத்தனையாவது மரம் என்று எழுதுங்கள். அப்பா சொன்னது சரி.

பொள்ளாச்சித் தோப்பு:
சனிக்கிழமை அப்பாவையே டேப் பிடிக்கச் சொல்கிறேன். ஆறு வால்வையும் முடித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.