பாம்பன் பெரியவர் பார்த்த ஜோர்க்கி: ரேஞ்ச்ஃபைண்டர் அனுபவங்கள்

முகவை ஃபிலிம்காரன்:

போன மாசியில் ரெண்டு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோடு, அதாவது ரெண்டு ஜன்னல் வழியாக வரும் உருவங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்கிற கேமராக்களோடு, பாம்பன் போனேன். ஒன்று ஜோர்க்கி 4 என்ற பழைய சோவியத் கேமரா. கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா ஒடெசா துறைமுகத்தில் வாங்கிவந்தது. ஜூபிட்டர் 8, 50 மிமீ எஃப்/2 லென்ஸோடு. இன்னொன்று யாஷிகா எலெக்ட்ரோ 35, மதுரையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ரெண்டிலும் எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, ஒரே இடத்தை ஒரே வெயிலில் எடுத்துப் பார்க்க நினைத்தேன்.

வடகடல் கரையில் ஒரு பெரியவர் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து, கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "என்ன தம்பி, பழைய பெட்டியா இருக்கு?" என்று கேட்டார். ஜோர்க்கியைக் கையில் கொடுத்தேன்.

"ஒண்ணும் தெரியலப்பா, புகையா இருக்கு."

கண்ணாடி போடுகிற கண். ஜோர்க்கியில் ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழுக்கு அடியில், பார்வைக்குத் தக்கபடி சரிசெய்ய ஒரு சின்ன நெம்பு உண்டு. அதை மெல்ல நகர்த்தினேன். "ஆங், இப்பத் தெரியுது. ஆனா நடுவுல ஒரு ஆளு ரெண்டு ஆளா நிக்கிறான்."

"லென்ஸைத் திருகுங்கய்யா. ரெண்டும் ஒண்ணா சேர்ற வரைக்கும்."

திருகினார். ரொம்ப நேரம் கேமராவை முகத்தை விட்டு எடுக்கவேயில்லை. பிறகு சொன்னார்: "இது நாங்க பாரு பாக்குறதுதான தம்பி!"

ஜிபிஎஸ் கைக்கு வருவதற்கு முன்னால், கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டை, அவர்கள் சொல்கிற 'பாரு'வை, எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று விளக்கினார். "கோபுரத்தையும் டிவி டவரையும் பாத்துக்கிட்டே போவோம். ஒண்ணு பின்னால ஒண்ணு மறைஞ்சுச்சுன்னா அது ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு ஒத்தப் பனையும் லைட்ஹவுசும் சேர்ந்தா அது ஒரு கோடு. ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல கல்லப் போடு, பாருக்கு மேல நிப்ப. ஆனா பாத்துக்க, அடையாளம் ரெண்டும் கிட்டக் கிட்ட இருந்தா ஏமாத்திப்புடும். தள்ளித் தள்ளி இருக்கணும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ரேஞ்ச்ஃபைண்டரில் ரெண்டு ஜன்னலுக்கும் நடுவே உள்ள தூரத்தை நாம் எதற்காக அளந்து அளந்து பேசுகிறோமோ, அதைத்தான் அவர் சொன்னார். ஜோர்க்கி 4-இல் அந்தத் தூரம் கிட்டத்தட்ட 38 மிமீ. இன்னொரு சோவியத் கேமராவான ஃபெட் 2-இல் 67. ஜெர்மன் லைக்கா எம்3-இல் 68.5. தூரம் கூடக்கூட, உருவங்கள் கொஞ்சம் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். அவர் சொன்ன ஒரு வரியில்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

ஒப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். உச்சி வெயிலில் எலெக்ட்ரோ திணறியது. அதில் லென்ஸ் திறப்பைச் சொல்லும் எஃப் எண்ணை (எண் கூடினால் திறப்பு சின்னது) நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தை அது பார்த்துக்கொள்ளும். உச்ச வேகம் 1/500. 400 வேக ஃபிலிம், வெள்ளை மணல், எஃப்/8 என்றால், வெளிச்சம் அதிகம் என்று காட்டும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. எஃப்/16-க்குப் போனால்தான் சமாளித்தது. ஜோர்க்கியில் 1/1000 உண்டு, பேட்டரியே கிடையாது. ஆனால் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் திருகினால் உள்ளே சேதமாகும். இதைப் புதிதாக வாங்குகிறவர்களுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள். சாயங்காலம் எதிர்வெளிச்சத்தில் ஜூபிட்டர் படம் முழுக்கச் சாம்பல் பூசியது. எலெக்ட்ரோவின் யாஷினான் லென்ஸ் கறுப்பைக் கறுப்பாகவே வைத்திருந்தது. இருந்தாலும் வலையோடு பெரியவர் இருக்கிற படம் ஜூபிட்டரில்தான் உயிரோடு இருக்கிறது. பின்னால் உள்ள கடல் கரைந்து நிற்கிற விதம் எலெக்ட்ரோவில் வரவில்லை.

கச்சான் அடிக்கிற நேரம்:

முகவை அண்ணே, துணி ஷட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு என் அனுபவத்தையும் எழுதுகிறேன். ஃபெட் 2-ஐ எடுத்துக்கொண்டு தனுஷ்கோடி அரிச்சல்முனை போனேன். ஒரு பக்கம் ஆண் கடல் கொந்தளிக்க, ஒரு பக்கம் பெண் கடல் படுத்துக்கிடக்க, ரெண்டையும் ஒரே ஃப்ரேமில் கொண்டுவர அலைந்தேன். நடுவே கேமராவைத் துண்டின் மேல் மல்லாக்க வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். லென்ஸ் மூடி பையில், ஃபோகஸ் முடிவிலியில், எஃப்/2.8. ரெண்டு நிமிடம் இருக்கலாம்.

ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டுப் பார்த்தால், அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கமாக ஒரு வெள்ளைப் பொட்டு. 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரின் நடுவிலும் அதே பொட்டு. எஸ்எல்ஆர் வகைக் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் குறுக்கே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்று நிற்கும். இதில் லென்ஸுக்கும் துணிக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துக் காகிதத்தை எரிப்பதுபோல வெயில் ஓட்டை போட்டுவிட்டது. லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஓட்டை ஊசிமுனையாக மின்னும். கறுப்புத் துணிப் பெயிண்டை மெலிதாகத் தொட்டு வைத்தேன், இன்றுவரை தாங்குகிறது. எலெக்ட்ரோவின் இலை ஷட்டர் உலோகத் தகடு, அதற்கு இந்தப் பயம் இல்லை. இப்போதெல்லாம் எடுத்து முடித்ததும் எஃப்/16, ஃபோகஸ் ஒரு மீட்டர், மூடி. கை தானாகச் செய்கிறது.

கழுவுவது பற்றியும் ஒன்று: எங்கள் ஊர்த் தண்ணீரில் கடைசி அலசல் அலசினால் நெகட்டிவில் உப்புத் தடம் காயும். அதற்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவிடுங்கள்.

கீழக்கரைத் தெரு:

என்னிடம் இருப்பது எம்3. அடாப்டர் போட்டு அதில் ஜூபிட்டர் 8-ஐ மாட்டினேன். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுத்துக் கரையேறிய ஒரு அக்காவிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "ஈரத்தோட வேணாம் தம்பி, சேலை மாத்திட்டு வர்றேன்" என்றார். காத்திருந்தேன். விரலில் சுற்றிய துணியை மட்டும் அவிழ்க்காமல் வந்து நின்றார். ஒரு மீட்டர் தூரத்தில், எஃப்/2 வைத்து, கண்ணில் உருவத்தைச் சேர்த்து எடுத்தேன். படத்தில் கண் மங்கல், காது துல்லியம்.

கேமராவில் குறையில்லை. ரஷ்ய லென்ஸ்கள், ஜெர்மன் கேமராவான காண்டாக்ஸின் கணக்கில், 52.4 மிமீ குவியத் தூரத்துக்குச் செய்தவை. லைக்காவின் கணக்கு 51.6. தூரத்தில் தெரியாது, கிட்டப் போய், முழுசாகத் திறந்து எடுத்தால் ஃபோகஸ் பின்னால் தள்ளிப்போகும். மறுவாரம் எஃப்/5.6 வைத்து எடுத்த படத்தைத்தான் அந்த அக்காவுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். முதல் படத்தையும் வைத்திருக்கிறேன். உப்பு காய்ந்த அந்தக் காதோரம் அவ்வளவு அழகு.

முகவை ஃபிலிம்காரன்:

பெரியவரின் பேரன் வள்ளத்தில் என்னைக் கொஞ்ச தூரம் கூட்டிப்போனதைச் சொல்லாமல் விட்டேன். அங்கிருந்து கரையைப் பார்த்து ஜோர்க்கியில் ஒரு படம் எடுத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பிரிண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். கரைப் படத்தைத்தான் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். விரலை வைத்துக் காட்டினார்.

"டவரு கோபுரத்த விட்டு வெலகி நிக்குது பாரு. பேரன் உன்னப் பாருக்குக் கூட்டிப் போகல தம்பி. இன்னும் கொஞ்சம் போயிருக்கணும்."