புது போனில எடுரோம் ஏறுதில்லை, ஹொஸ்டலில இரவில ஐபி வருதில்லை

குளக்கட்டு கேட்டது:

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். வன்னிக்குள்ள இருக்கிற கம்பஸ் ஒண்டில முதலாம் வருசம் படிக்கிறன். புது போன் ஆண்ட்ராய்ட் 14. எடுரோமை (பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபை) தொட்டுப் பாஸ்வேர்ட் அடிச்சா 'சேமிக்கப்பட்டது' எண்டு மட்டும் நிக்குது, ஏறுதில்லை. சீனியர்மார் சொன்ன 'டு நாட் வலிடேட்' எண்ட, சேர்வரைச் சரிபாக்காம ஏத்துற ஒப்ஷன் இந்தப் போனில இல்லவே இல்லை. லாப்டொப் விண்டோஸ் 11. அது பகலில லைப்ரரியில நல்லா வேலை செய்யுது. ஹொஸ்டலில பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு 'நோ இன்டர்நெட்' எண்டு வரும். ஐபி (வலையமைப்பில கிடைக்கிற இலக்க முகவரி) பாத்தா 169.254 எண்டு தொடங்குது. விருந்தினருக்கான மற்ற வைஃபையில லொகின் பக்கமே திறக்குதில்லை. டேட்டா போட்டுப் போட்டுக் கட்டுப்படியாகேல்லை.

ஆலடிச்சந்தி:

முதல்ல போன். ஏற்கெனவே சேமிச்ச எடுரோமை 'ஃபொர்கெட்' குடுத்து அழியுங்கோ. பிறகு மொபைல் டேட்டாவைப் போட்டு, பிளே ஸ்டோரில 'கெட்எடுரோம்' அப்பை இறக்கி, உங்கட பல்கலைக்கழகத்தின்ர பேரைத் தேடி எடுங்கோ. பேர் இருந்தா சேர்டிபிக்கட் (சேர்வர் உண்மையானதுதான் எண்டு காட்டுற அத்தாட்சி), சேர்வர் பேர் எல்லாத்தையும் அதுவே போட்டுவிடும். கையால போட்ட பழைய எடுரோம் கிடந்தா அப் முறைப்படும், அதுக்குத்தான் முதல்ல அழிக்கச் சொன்னது.

பேர் இல்லாட்டிக் கையாலதான். ஈஏபி மெதட்: பீஈஏபி. ஃபேஸ் 2: எம்எஸ்சாப்வி2. சிஏ சேர்டிபிக்கட்: 'யூஸ் சிஸ்டம் சேர்டிபிக்கட்ஸ்'. டொமைன்: ஐடி யூனிட் தாற சேர்வர் பேர். அனேகமா மெயிலில @ குறிக்குப் பின்னால வாற பகுதியே காணும், ஏனெண்டா போன் பேரின்ர வால்பகுதியைத்தான் ஒப்பிட்டுப் பாக்கிறது. ஐடென்டிட்டியில @ குறியோட முழுசா அடிக்க வேணும். வெறும் பாவனைப் பெயர் உங்கட கம்பஸுக்குள்ள சிலநேரம் வேலை செய்யும், வெளியில போனா செய்யாது. பதிவிலக்கத்தைச் சாய்கோட்டோட அடிக்காதீங்கோ, ஐடி யூனிட் தந்த பாவனைப் பெயர்தான்.

கன பேர் விடுற பிழை ஒண்டு: கீபோர்ட் தானா நிரப்பிவிடேக்க பேருக்குப் பின்னால ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வரும், இல்லாட்டி முதல் எழுத்துப் பெரிசாகிடும். கண்ணுக்குத் தெரியாது, சேர்வர் நிராகரிக்கும். கேர்சரைக் கடைசிக்குக் கொண்டுபோய் ஒருக்கா பாக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்கோ.

முறிப்புவெளி:

இவ்வளவு கஸ்ரம் ஏன்? பழைய போன் ஒண்டில 'டு நாட் வலிடேட்' குடுத்தா ஒரு நிமிசத்தில ஏறும். எங்கட பட்ச் முழுக்க அப்பிடித்தான்.

வேப்பங்காய்:

முறிப்புவெளி, ஏறும்தான். ஆருக்கு ஏறுது எண்டுதான் கேள்வி. வலிடேட் செய்யாத போன், எடுரோம் எண்டு பேர் போட்ட எந்த வைஃபைப் பெட்டிக்கும் உங்கட விபரத்தை நீட்டும். பஸ் ஸ்ராண்டில ஒருத்தன் லாப்டொப்பில அதே பேரில ஒரு வைஃபை போட்டாக் காணும், போன் பையுக்குள்ள கிடந்தபடியே தானாப் போய்க் கதைக்கும். பாஸ்வேர்ட்டைச் சரிபாக்கிற எம்எஸ்சாப்வி2 முறை பலவீனமானது. அதில கிடைக்கிற பதிலை வச்சு ஒரு நாளுக்குள்ள உடைக்கலாம் எண்டு 2012இலயே டெஃப்கொன் ஹக்கர் மாநாட்டில செய்து காட்டிப்போட்டினம். உங்கட கம்பஸ் அதுக்குப் பதிலா டிடிஎல்எஸ், பிஏபி எண்ட முறை பாவிச்சா இன்னும் மோசம், உடைக்கவே தேவையில்லை, பாஸ்வேர்ட் அப்பிடியே கையில போகும். அதே பாஸ்வேர்ட்தானே எல்எம்எஸ்ஸுக்கும் (பாடத் தளம்) மெயிலுக்கும்? 2020 டிசம்பரில பிக்சல் போன்களில கூகிள் அந்த ஒப்ஷனை எடுத்தது இதுக்காகத்தான். மற்றக் கம்பனிகளும் பிறகு பின்னால வந்தது.

தங்கச்சியோ தம்பியோ தெரியாது, 'சிஸ்டம் சேர்டிபிக்கட்' குடுத்தும் ஏறாட்டி, உங்கட சேர்வர் தானே கையெழுத்துப் போட்ட சேர்டிபிக்கட் வச்சிருக்கு எண்டு நினைக்கலாம். அப்ப ஐடி யூனிட்டிட்டை அந்தச் சிஏ சேர்டிபிக்கட் ஃபைலை வாங்கி, செக்கியூரிட்டி செட்டிங்குக்குள்ள 'வைஃபை சேர்டிபிக்கட்' எண்டு இன்ஸ்டோல் பண்ணிப்போட்டு அதைத் தெரிவு செய்யவேணும். ஆண்ட்ராய்ட் 13இல இருந்து சில போன்களில 'ட்ரஸ்ட் ஒன் ஃபெர்ஸ்ட் யூஸ்' (முதல்தரம் காணுற சேர்டிபிக்கட்டை நம்புறது) எண்டும் ஒண்டு இருக்கு. அதைக் கம்பஸுக்குள்ள நிண்டு மட்டும் குடுங்கோ, சந்தியில நிண்டு குடுக்காதீங்கோ. போனின்ர திகதியையும் பாருங்கோ. பற்றறி முழுக்க இறங்கித் திகதி பிழைச்ச போனில நல்ல சேர்டிபிக்கட்டும் காலாவதி எண்டுதான் தெரியும்.

ஆலடிச்சந்தி:

இப்ப ஹொஸ்டல். 169.254 எண்டா லாப்டொப் வைஃபையோட ஒட்டிட்டுது, ஆனா ஐபி குடுக்கிற சேர்வரிட்டை இருந்து பதில் வரேல்லை, அதால தானே ஒண்டைப் போட்டுக்கொண்டுது. ஆண்ட்ராய்ட் போனில இதே கோளாறு 'ஐபி முகவரி பெறுகிறது' எண்டு நிண்டு நிண்டு விழும். காரணம் ரெண்டில ஒண்டு. சிக்னல் பலவீனமெண்டா ஐபி கேட்ட தரவுப் பக்கெட் தவறிப்போகும். இல்லாட்டி ஐபி முடிஞ்சுது. வழமையான ஒரு சின்ன வலையமைப்பில 254 முகவரிதான், அதிலயும் ரவுட்டருக்கு ஒண்டு போகும். ஒரு ஆளுக்குப் போனும் லாப்டொப்பும் எண்டா 126 பேரோட சரி. ஒருக்காக் குடுத்த ஐபியை 24 மணித்தியாலம் பிடிச்சு வைக்கிற மாதிரி செட் பண்ணியிருந்தா, காலமை வந்திட்டுப் போன ஆளின்ர ஐபியும் இரவுவரை பூட்டித்தான் கிடக்கும்.

பிரிச்சு அறியிறது லேசு. கொரிடோரில வெள்ளை வைஃபைப் பெட்டி பூட்டியிருக்கிற இடத்துக்குக் கீழ லாப்டொப்பைக் கொண்டுபோய் வச்சு, கமாண்ட் ப்ராம்ப்டில ஐபிகான்ஃபிக் ரிலீஸ், பிறகு ரினியூ குடுங்கோ. அங்கயும் 169.254தான் எண்டா ஐபி முடிஞ்சுது. அங்க வந்து அறையில வராட்டிச் சிக்னல். விடிய ஐந்து மணிக்கு அறையிலயே ஒழுங்கா வந்தாலும் ஐபி தட்டுப்பாடா இருக்கலாம்.

முறிப்புவெளி:

அப்ப ஐபியைக் கையால போட்டுவிட்டாச் சரிதானே?

வேப்பங்காய்:

ஐயோ, வேண்டாம். அந்த ஐபி வேறொருத்தரிட்டை இருக்கும், ரெண்டு பேருக்கும் விட்டு விட்டுத்தான் வரும். கம்பஸ் வலையமைப்புச் சுவிட்சில பாதுகாப்புப் போட்டிருந்தா உங்கட லாப்டொப்பையே வெட்டிவிடும்.

உங்களால செய்யக்கூடியது வேற. விண்டோஸ் 11இல 'ரேண்டம் ஹார்ட்வெயர் அட்ரஸ்' 'சேஞ்ச் டெய்லி' எண்டு கிடந்தா நிப்பாட்டுங்கோ. ஐபோனில ஐஓஎஸ் 18 எண்டா 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' 'ரொட்டேட்டிங்' இல்லாமல் 'ஃபிக்ஸ்ட்' எண்டு வையுங்கோ. மாறி மாறி வாற ஒவ்வொரு மெக் முகவரிக்கும் (கருவியின்ர வைஃபை அடையாள இலக்கம்) சேர்வர் புது ஐபி ஒண்டு ஒதுக்கும். அறையில எல்லாரும் ஹொட்ஸ்பொட் போட்டு வச்சிருக்கிறதும் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில ஒண்டோடொண்டு முட்டாத சனல் 1, 6, 11 மூண்டுதான். ஹொட்ஸ்பொட் தேவையெண்டா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்கோ.

சிக்னலை வைஃபை அனலைசர் அப் ஒண்டில பாருங்கோ: மைனஸ் 65 டிபிஎம் நல்லம், மைனஸ் 75ஐத் தாண்டினாத் தொல்லை. யன்னலுக்கு அலுமினிய நுளம்பு வலை அடிச்ச அறையெண்டா, பெட்டி வெளியில மரத்தடிக் கம்பத்தில இருந்தும் பிரயோசனமில்லை. அந்த வலையின்ர கண் ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர், அலை 12 சென்ரிமீற்றர், உள்ள வராது. கதவைத் திறந்து வச்சு, கதவுப்பக்க மேசையில இருந்து படிக்கிறதுதான் வழி.

குளக்கட்டு:

நன்றி அக்கா, அண்ணா. லொகின் பக்கம்?

ஆலடிச்சந்தி:

விபிஎன் இருந்தா நிப்பாட்டுங்கோ. போனில 'பிரைவேட் டிஎன்எஸ்' க்கு ஏதாவது பேர் குடுத்திருந்தா 'ஒட்டோமெட்டிக்' ஆக்குங்கோ. விளம்பரம் தடுக்கவெண்டு கன பேர் போட்டு வச்சிருப்பினம், அதோட லொகின் பக்கம் சிலநேரம் திறக்காது. பிறகு வைஃபை விபரத்தில 'கேட்வே' எண்டு இருக்கிற இலக்கத்தை பிரவுசரில அடிச்சுப் பாருங்கோ. பூட்டுப் படம் வாற தளங்களை அடிச்சா லொகின் பக்கத்துக்குத் திருப்பாது, பிழைதான் காட்டும்.

கரண்ட் போய் வந்த உடன துடிக்காதீங்கோ. சுவிட்ச் எழும்பி, அதில இருந்து பெட்டிகளுக்குக் கரண்ட் போய், எல்லாம் ஒழுங்காக அஞ்சு பத்து நிமிசம் எடுக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பிறகு ஒரு கட்டடம் மட்டும் செத்துக் கிடந்தா, அது உங்கட போனில்லை.

ஐடி யூனிட்டுக்கு எழுதேக்க 'வைஃபை வரேல்லை' எண்டு ஒரு வரியோட விடாதீங்கோ. நேரம், எந்த மாடி, உங்கட மெக் முகவரி, வந்த ஐபி, அனலைசரில தெரியிற பெட்டியின்ர பிஎஸ்எஸ்ஐடி (அந்தப் பெட்டியின்ர அடையாள இலக்கம்), இவ்வளவும் இருந்தா அவையள் சேர்வர் பதிவில ஒரு நிமிசத்தில தேடி எடுப்பினம்.

வேப்பங்காய்:

இன்னொண்டு. இந்த எடுரோமோட யாழ்ப்பாணம், பேராதனை எங்க போனாலும் ஏறலாம், ஆனா பாஸ்வேர்ட்டைச் சரிபாக்கிறது உங்கட கம்பஸ் சேர்வர்தான். கேள்வி பேராதனையில இருந்து லேர்ன் (இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கிற வலையமைப்பு) ஊடாக வன்னிக்கு வந்து திரும்பிப் போகவேணும். இஞ்ச கரண்ட் இல்லாட்டி அங்க ஏறாது. அந்த நேரம் பாஸ்வேர்ட் பிழையெண்டு நினைச்சு மாத்தப் போகாதீங்கோ.