கவாசாகி நோய்: எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்த பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் மகளுக்கு மூன்று வயது. ஆறு நாள் விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு. முதலில் வைரல் காய்ச்சல் என்றார்கள். பிறகுதான் கவாசாகி (குழந்தைகளுக்கு ரத்தக்குழாய்களில் அழற்சி வரும் நோய்) என்று தெரிந்து நேற்று இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரத மருந்து) ஏற்றினார்கள், கிலோவுக்கு 2 கிராம் கணக்கில். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் கொடுத்தாயிற்று, அதுவே பெரிய ஆறுதல்.

எக்கோவில் இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் (இதயத்தின் பம்ப் திறன்) 50 சதவீதம், இடது கரோனரி (இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்) இசட் ஸ்கோர் (குழாயின் அளவு இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கணக்கு) 2.3. ரத்தக்குழாய் லேசாக விரிந்திருக்கிறது, இன்னும் அனியூரிசம் (குழாய் பலூன் போல வீங்குவது) இல்லை; இதயத் தசையிலும் அழற்சி இருக்கிறது என்கிறார் டாக்டர். இரண்டு வாரத்தில் மறுபடி எக்கோ, பிறகு ஆறாவது வாரம்.

உங்கள் பிள்ளைக்கு இதயத்தின் பம்ப் திறன் எத்தனை நாளில் சரியானது? பாப்பா அழுதுகொண்டே இருந்ததால் படம் தெளிவாக வரவில்லை. மயக்க மருந்து கொடுத்து எடுத்தீர்களா? தயவுசெய்து சொல்லுங்கள், ராத்திரி தூக்கமே இல்லை.